பதினொன்றரை மணிக்குக் கைரேகை

துணை நடிகர்களைக் கவனிக்கும் வேலைக்கு இந்த வருடம் வந்து சேர்ந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு என்னை மறித்தீர்கள். "அங்கிள், அறுபது பேரை நாள் முழுக்க என்னெண்டு காக்க வைக்கிறது? ஆக்கள் சண்டைக்கு வருகினம்" என்று கேட்டீர்கள். நான் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியாகப் படவில்லை. ஓய்வு பெற்றவனிடம் கேட்க வருகிறவர்களே குறைவு. வந்தவர்களையும் பகிடி சொல்லி அனுப்பக்கூடாது.

பெயர் வாசிப்பது, உடுப்பு மாற்ற அனுப்புவது, சாப்பாட்டு வரிசையில் சண்டை வராமல் பார்ப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு காலை நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நான் விட்ட பிழைகளில் மிகக் கெட்டது அன்றைக்கு நடந்தது. இப்போதும் அதை நினைத்தால் கதிரையில் ஒழுங்காக இருக்க முடியாது. எழும்பி அறைக்குள் நடக்கத் தொடங்கிவிடுவேன். இதை எழுதும்போதும் இரண்டு தடவை எழும்பிவிட்டேன்.

அது பழைய ஹாலிவுட்டைப் பற்றிய காதல் படம். பேசும்படம் வந்த புதிதில் புகழின் உச்சியில் இருக்கிற ஒரு நடிகை, ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிற ஒரு தொழிலாளியை விரும்புகிறாள். முதலாளிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அதனால் ஊருக்கு முன்னால் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நடக்கவேண்டும். கதை நடப்பது அமெரிக்காவில், படம் எடுத்தது இத்தாலியில், எங்கள் பலேர்மோவில். நகருக்கு வெளியே இருந்த ஒரு பழைய மாளிகை நடிகையின் வீடானது. பொலிதேயாமா நாடக அரங்கின் பக்கத்துக் கடைத்தெரு ஒன்று இரண்டு ஞாயிறுகளுக்கு லொஸ் ஏஞ்சலிஸ் ஆனது. துறைமுகத்தின் ஒரு மூலை கலிபோர்னியாத் துறைமுகம் ஆனது.

கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தது நான். அதற்கு முன் இருபது வருடம் நானும் இஞ்சை வீடுகளில் வேலை செய்தவன். ஒருமுறை படக்குழு ஒன்றுக்கு வான் ஓட்டப் போனேன். எனக்கு ஆட்களைத் தெரியும் என்று கண்டு என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தப் படத்துக்கும் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தான். மன்னார், தீவுப்பகுதி, மொரிஷியஸ். வீடு துடைப்பவர்கள், வயதுபோனவர்களைப் பார்ப்பவர்கள், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரை மீன் உணவகங்களில் கோப்பை கழுவுகிறவர்கள். படத்திலும் தோட்டக்காரன், பெட்டி தூக்குகிறவன், சமையல்காரி என்றுதான் வேடம் கிடைத்தது. உடுப்பு அளவெடுத்த நாளில் மன்னார்ப் பக்கத்துப் பேசாலை றெஜினா வெள்ளை ஏப்ரனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, அமெரிக்காவிலையும் எங்களுக்கு இதே வேலைதானோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பலேர்மோக்காரி நுன்சியாவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

றெஜினாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பது வயதிருக்கும். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் பன்னிரண்டு வருடமாக வேலை. புருஷன் இல்லை. மகள் நிறோஷாவை ஐந்து வயதில் பேசாலையில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். மகளை இஞ்சை கூப்பிட விண்ணப்பம் போடவேண்டும். போடுவதானால் பிள்ளைக்குப் பதினெட்டு முடியமுன் போடவேண்டும். பதினெட்டு முடிந்தால் சட்டத்தின்படி அவள் பிள்ளை இல்லை. விண்ணப்பத்துக்கு றெஜினாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அட்டை, செல்லுபடியாக வேண்டும். அது முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், கைரேகை கொடுக்கவேண்டும். அதற்கான தவணை, படப்பிடிப்பு நடந்த அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி. அதைத் தவறவிட்டால் அடுத்த தவணை மாரிக்குத்தான் கிடைக்கும் என்று உதவி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நிறோஷாவின் பிறந்தநாள் புரட்டாசியில்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளைக் கூப்பிட்டேன். எனக்குப் பெண்கள் குறைவாக இருந்தார்கள்.

"ஆறு மணிக்கு வா. கூட்டத்திலை பின்னுக்கு நிக்கிறது. ஒம்பதரைக்கு நான் உன்னை மெல்லமா வெளியிலை எடுத்து விடுறன். அறுவது பேரிலை ஒராள் போனா ஒருத்தருக்கும் தெரியாது."

"உண்மையோ அண்ணை? எனக்கு அண்டைக்கு ஒரு பிழையும் வரக்கூடாது."

"நான் சொல்லுறன் தானே."

அதுவரைக்கும் நான் சொன்னதில் பொய் இல்லை.

வியாழன் காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தபோது முதல் உதவி இயக்குநர் வந்தார். ரோமைச் சேர்ந்த பெண், நடக்கும்போதே கதைக்கிறவர். நடிகையின் பணிப்பெண்ணாக வேடம் போட வேண்டிய பெண் ரோமில் விமானத்தைத் தவறவிட்டுவிட்டாளாம். வசனம் இல்லை, முகம் மட்டும். "அந்தோனியோ, உன் ஆட்களில் ஒருத்தியைத் தா. உடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அது யாருக்குப் பொருந்துகிறதோ அவள்."

நுன்சியா நாடாவோடு ஐந்து பெண்களை அளந்தாள். உடுப்பு இரண்டு பேருக்குச் சரிவந்தது. ஒருத்தி மொரிஷியஸ் தேவி. மற்றவள் றெஜினா. உதவி இயக்குநர் இருவரையும் ஒரு நொடி பார்த்துவிட்டு றெஜினாவைக் காட்டினார். "இந்த முகம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். "இவளுக்கு ஒன்பதரைக்குப் போகவேண்டும், தேவியை எடுங்கள்" என்று ஒரே ஒரு வரி. ஒருவரும் கோபித்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அது வெறும் தகவல். ஆனால் என் ஆட்களில் ஒருத்தியின் முகம் நடிகைக்குப் பக்கத்தில் திரையில் வரப்போகிறது என்ற பெருமை எனக்கு. கேட்டவுடன் கொடுக்கிற ஆள் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது.

றெஜினா என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணை, எனக்குக் குவெஸ்தூரா..."

"தெரியும், தெரியும். முதல் காட்சியே இதுதான். ஒம்பதரைக்கு முடிஞ்சிடும்."

"பின்னுக்கு நிக்கிறதெண்டுதானே சொன்னனீங்கள்?"

"உனக்கு நல்லதொரு சந்தர்ப்பம் பிள்ளை. போய் உடுப்பை மாத்து."

காட்சி இதுதான். நடிகை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறாள். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். காதலன் கூட்டத்துக்குள் நிற்கிறான், இருவரும் பேச முடியாது. அவள் நடந்து போகும்போது வேண்டுமென்றே ஒரு கையுறையை விழுத்துகிறாள். அது அவனுக்கான அடையாளம். பின்னால் தொப்பிப் பெட்டியோடு வருகிற பணிப்பெண் அதைக் காண்கிறாள், குனிந்து எடுக்கப் போகிறாள், பிறகு விளங்கிக்கொண்டு எடுக்காமல் தாண்டிப் போகிறாள். பணிப்பெண்ணின் முகத்தில்தான் முழுக் காட்சியும் தங்கியிருந்தது. அது எனக்கு அன்று காலை ஏழரைக்குத்தான் தெரியவந்தது. பொறுப்பெடுக்க முதல் கேட்டிருக்கவேண்டும்.

ஏழரைக்கு எல்லாம் தயார். நேப்பிள்ஸிலிருந்து வருகிற கப்பல் விடியவே வந்து ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கவேண்டும். கடல் சரியில்லை என்று அன்றைக்குப் பிந்தி வந்தது. வந்து, எங்கள் கமரா பார்க்கிற பக்கத்திலேயே கட்டியது. ஆறு மாடி உயரம், பக்கவாட்டில் பெரிய வண்ண எழுத்துக்கள். பழைய காலத்துக் கலிபோர்னியாவில் அப்படியொரு கப்பலைக் காட்ட முடியாது. இயக்குநர் கதிரையில் இருந்துவிட்டார். லொறிகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் எண்ணிக்கொண்டு நின்றோம்.

ஆனி மாத வெயில். கதையில் மாரிகாலம். அறுபது பேரும் தடித்த கம்பளிக் கோட்டுக்குள். ஒருவர் தொப்பியால் விசிறினார். ஒருவர் சப்பாத்தைக் கழற்றி மாட்டி மறுபடி கழற்றினார். நான் தண்ணீர்ப் போத்தல்களோடு அங்கும் இங்கும் நடந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் றெஜினா கண்ணில் பட்டாள். நரைநீலச் சட்டை, முதுகில் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்னப் பொத்தான்கள், வெள்ளை ஏப்ரன். தலைமயிரை அலையலையாக அழுத்தி ஊசி குத்தியிருந்தார்கள். அவளுடைய புருவத்தை மெழுகு பூசி மறைத்து, நெற்றிப் பக்கமாக மெல்லிய கோடொன்று கீறியிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அவள் என்று தெரியும்.

ஒன்பது மணிக்கு அவள் கேட்டாள். "அண்ணை?"

"ஐஞ்சு நிமிசம்."

ஒன்பதரைக்குக் கப்பல் நகர்ந்தது. அதற்குள் காற்று கிளம்பி நடிகையின் தலைமயிர் கலைந்துவிட்டது. திருத்த வேண்டும்.

"அண்ணை, ஒம்பதரை."

"இப்ப தொடங்கப் போயினம். ஐஞ்சு நிமிசம்."

பத்து மணி தாண்டித்தான் முதல் தடவை எடுத்தார்கள். அதற்கு முன்பும் ஒருமுறை "ஐஞ்சு நிமிசம்" என்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போது நான் அவளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தம்பிமாரே, தங்கச்சி, இதைக் கவனித்து வையுங்கள். ஒருவருக்கு நேரம் சொல்லும்போது உங்கள் கண் வேறெங்காவது போகிறதென்றால், நீங்கள் சொல்வது உங்களுக்கே நம்பிக்கை இல்லாத நேரம்.

முதல் தடவை பத்திரிகைக்காரன் ஒருவன் பிந்தினான். இரண்டாம் தடவை தொப்பிப் பெட்டி ஆடியது. மூன்றாம் தடவையும் ஆடியது. றெஜினாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடிகை அதைக் கண்டார். மிலானோக்காரி, பெயர் பெற்றவர், ஆனால் தலைக்கனம் இல்லாதவர். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"அந்தோனியோ, இவருக்கு என்ன? ஏன் இப்படி நடுங்குகிறார்? ஏதாவது பிரச்சினையா?"

இப்படியொரு கேள்வியை அந்த இடத்தில் அவர் தவிர வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது போலத்தான். உள்ளே போக வேண்டியதுதான் மிச்சம். உதவி இயக்குநர் இரண்டு அடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மணிக்கூடு.

"ஒன்றுமில்லை சிஞ்ஞோரா," என்றேன். "கமராப் பயம். முதல் தடவை. சரியாகிவிடும்."

நடிகை றெஜினாவின் தோளைத் தடவினார். "பயப்படாதீர்கள். எனக்கும் முதல் படத்தில் இப்படித்தான் நடுங்கியது."

எல்லாம் இத்தாலியனில் நடந்தது. பன்னிரண்டு வருடம் சிஞ்ஞோராவின் வீட்டில் இருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பேருந்தில் பக்கத்தில் வந்து இருக்கிற முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் என் இடத்துக்குத் திரும்பி நடந்தேன். பத்துப் பதினைந்து அடி இருக்கும். நடந்து முடியவில்லை. பாதியில் நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்து இருபத்தெட்டு. திரும்பி நேரே இயக்குநரிடம் போனேன். இந்தத் தொழிலில் அது செய்யக்கூடாத காரியம் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நீங்கள் உதவி இயக்குநரோடு கதைக்கவேண்டும், அவர் இயக்குநரோடு கதைப்பார். நான் தாண்டிப் போனேன்.

"ஐயா, நான் சிஞ்ஞோராவுக்கு இப்போது பொய் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கமராப் பயம் இல்லை. பதினொன்றரைக்குக் குவெஸ்தூராவில் கைரேகை. தவறவிட்டால் மகளைக் கூப்பிட முடியாது. எனக்கு இது முன்பே தெரியும். நான்தான் மறைத்தேன்."

உடனே உதவி இயக்குநரின் சத்தம். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து இப்போதுதான் எடுக்கக் கிடைத்திருக்கிறது, பணிப்பெண் போனால் காட்சி போச்சு, இதை ஆறு மணிக்கு ஏன் சொல்லவில்லை என்று. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நானே என்னைக் கேட்கவேண்டிய கேள்வி அது.

இயக்குநர் கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அவள் முகம் வேண்டும். மற்றதற்கு முதுகு போதும். அதே அளவில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"தேவி இருக்கிறாள்."

"அப்படியானால் முகத்தை முதலில் எடுப்போம். இரண்டு தடவை. அதற்குமேல் கேட்கமாட்டேன்."

கமராவை றெஜினாவுக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். கையுறை நிலத்தில் கிடந்தது. அவள் நடந்து வந்தாள், நின்றாள், குனியத் தொடங்கினாள். குனிந்தபடியே அந்தக் கையுறையைப் பார்த்தாள். அந்த நேரம் அவள் மனதில் நடிகையும் இல்லை, காதலனும் இல்லை என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து, அதை எடுக்காமல் தாண்டிப் போனாள். இயக்குநர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பத்து ஐம்பது.

உடுப்பு ஒன்றுதான் இருக்கிறது, அதைத் தேவி போடவேண்டும். நுன்சியா உடுப்பு வாகனத்துக்குள் றெஜினாவை இழுத்துக்கொண்டு போனாள். முதுகுப் பொத்தான்கள் கழற்றி முடிய எவ்வளவு நேரம் என்று வெளியில் நின்று எண்ணினேன். எண்ணி முடியாமல் விட்டுவிட்டேன். அவள் தன்னுடைய ஜீன்ஸும் சட்டையுமாகக் குதித்து இறங்கியபோது பதினொன்று மூன்று. தலைமயிரும் முகமும் அப்படியே. கழுவ நேரமில்லை.

வானின் சாவி என்னிடம் இருந்தது. உதவி இயக்குநர் கேட்டார், "நீ எங்கே போகிறாய்? உன் ஆட்கள் இங்கே நிற்கிறார்கள்."

"கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்."

"இப்போது போனால் திரும்பி வரவேண்டாம்."

போனேன்.

துறைமுக வாசலில் கப்பலிலிருந்து இறங்கிய லொறிகள் வரிசை. ஓரத்தால் ஏற்றி வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பு. றெஜினா பக்கத்து இருக்கையில் காகிதப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் கதைக்கத் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் செய்தது..."

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ அண்ணை."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள். "நானே அவையளுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு இத்தாலியன் தெரியும்தானே. நான் சொன்னா உங்கடை வேலைக்குப் பிழை வரும் எண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டனான்."

பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற பொலிஸ்காரர் தவணைக் காகிதத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு றெஜினாவின் முகத்தைப் பார்த்தார். காலாவதியான அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தை.

"இது நீங்களா?"

அப்போதுதான் எங்களுக்கு அந்த மெழுகுப் புருவம் ஞாபகம் வந்தது. என்னுடைய லேஞ்சியைப் போத்தல் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அவள் வாசல் படியிலேயே நின்று நெற்றியைத் தேய்த்தாள். மெழுகு போகாமல் கன்னமெல்லாம் கறுப்பாக இழுபட்டது. நான் முன்னால் போய், "சிஞ்ஞோரே, தவறு என்னுடையது, நான்தான்..." என்று தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்து ஒதுக்கிவிட்டாள்.

"நான் கதைக்கிறன்," என்றாள். பிறகு இத்தாலியனில் அவரிடம் சொன்னாள். "இது நான்தான். ஒரு படத்தில் அமெரிக்க வேலைக்காரியாக நின்றேன், அதற்குப் பூசியது. பன்னிரண்டு நிமிடம் பிந்திவிட்டேன். என் மகளுக்குப் புரட்டாசியில் பதினெட்டு. நான் இன்றைக்குக் கைரேகை கொடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள், நிற்கிறேன்."

குரல் ஏறவில்லை. கெஞ்சவும் இல்லை. பொலிஸ்காரர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். அவளுடைய இலக்கம் கூப்பிட்டுத் தாண்டிவிட்டதாம். எல்லோரும் முடிந்த பிறகு, அலுவலர் சம்மதித்தால் எடுக்கலாம், உறுதியில்லை என்றார்.

உள்ளே போய் நின்றோம். இருக்க இடமில்லை. என் கைப்பேசி சட்டைப்பைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுவலர் எழும்பிப் போனார், திரும்பி வரவில்லை. இன்னொரு யன்னலை மூடினார்கள். ஒன்று மட்டும் திறந்திருந்தது. றெஜினா அந்த யன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நான்தான் சுவரோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒருமுறை அவள், "அண்ணை, ஒரு இடத்திலை நில்லுங்கோ. எனக்குத் தலை சுத்துது," என்றாள்.

ஒன்றேகாலுக்கு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். தப்பாக உச்சரித்தார்கள். அவள் அதைத் திருத்தாமல் ஓடினாள். ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைத்தாள். காலையில் கை முழுக்கப் பவுடர் பூசியிருந்ததால் இரண்டு தடவை துடைத்து வைக்கச் சொன்னார்கள். பிறகு அலுவலர் ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி நீட்டினார்.

வெளியில் வந்ததும் அவள் படியில் இருந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "தண்ணி தாங்கோ," என்று வாங்கி முழுப் போத்தலையும் குடித்தாள். வீட்டில் விடுகிறேன் என்றேன். பேருந்தில் போகிறேன் என்று எழும்பிப் போய்விட்டாள்.

இந்தக் கதையை நான் நல்லவன் ஆகிவிட்ட கதையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் போன பிறகு துறைமுகத்தில் என்ன நடந்தது என்று தேவி பிறகு சொன்னாள். இரண்டு மணித்தியாலமாக ஒருவரும் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மொரிஷியஸ்காரர் ஒருவர், எழுபது வயது, கம்பளிக் கோட்டோடு நிலத்தில் சரிந்துவிட்டார். நுன்சியா கத்தரிக்கோலால் அந்தக் கோட்டின் பொத்தான்களை வெட்டி எடுத்து, நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாளாம். வாடகைக் கோட்டு. அதற்கு அவள் பிறகு பதில் சொல்லவேண்டி வந்தது. அந்த ஐயா பின்னேரமே எழும்பி நடந்தார், கடவுள் புண்ணியம்.

அன்றைக்கு வான் ஓட்டத் தெரிந்த மூன்று பேர் என் கூட்டத்திலேயே நின்றார்கள். ஒருவரிடம் சாவியைக் கொடுத்து அவளை அனுப்பியிருக்கலாம். நான் அறுபது பேரோடு நின்றிருக்கவேண்டும். ஏன் நானே ஓடினேன்? அவளுக்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொன்ன பொய்யை அவள் கண்ணுக்கு முன்னால் கழுவவேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஒரு பிழையைத் திருத்த ஓடும்போது கையில் இருக்கிற மற்றப் பொறுப்பைக் கீழே போட்டுவிடுவோம். அந்த அவசரத்தைக் கவனியுங்கள். அது உதவி போலவே தோன்றும்.

உதவி இயக்குநர் சொன்னதைச் செய்தார். அந்தப் படத்தில் எனக்கு அதற்குப் பிறகு வேலையில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆறு மணிக்கு அவரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் தேவியை எடுத்திருப்பார், நானும் வேலையில் இருந்திருப்பேன். நாலரை மணித்தியாலம் பிந்திச் சொன்னதால் அவருக்கு அது துரோகமாகப் பட்டது.

படம் அடுத்த வருடம் வந்தது. பொலிதேயாமா பக்கத்துத் தியேட்டரில் தனியாகப் போய்ப் பார்த்தேன். கையுறைக் காட்சி இருந்தது. றெஜினாவின் முகம் ஐந்தாறு நொடி, திரை நிறைய. பக்கத்தில் இருந்த பெண் தன் புருஷனிடம், "பார், அவளுக்குத் தெரிந்துவிட்டது," என்று மெல்லச் சொன்னாள். எனக்கு அதற்குமேல் இருக்க முடியவில்லை. எழும்பி வந்துவிட்டேன். றெஜினா படத்தைப் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன். கதைக்கமாட்டோம்.

அதற்கடுத்த வசந்தத்தில் இன்னொரு குழு வந்து என்னைக் கூப்பிட்டது. சந்தைக் காட்சிக்கு நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேரைச் சேர்த்துவிட்டேன். பட்டியலில் ஒரு இடம் இரண்டு நாள் வெறுமையாகக் கிடந்தது. கைப்பேசியை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கோ அண்ணை."

"பிள்ளை, வாற செவ்வாய் ஒரு வேலை இருக்கு. சந்தையிலை நிக்கிறது. விருப்பமில்லையெண்டால் பரவாயில்லை."

"எத்தினை மணிக்கு?"

"காலமை ஏழுக்கு."

"முடியிறது?"

மூன்று மணிக்கு என்று அட்டவணையில் எழுதியிருந்தது. அது என் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியாது," என்றேன். "மூண்டு எண்டு போட்டிருக்கினம். எனக்குத் தெரியாது பிள்ளை."

அவளுக்குப் பின்னால் ஒரு இளம்பெண்ணின் குரல் இத்தாலியச் சொல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிழையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது.

"அப்பிடியெண்டால் வாறன்," என்றாள் றெஜினா.